இணைத்தாயிற்று, வாழ்க!

சேல்ஸ்ஃபோர்ஸையும் மெட்டாடேட்டா கேட்டலாக்கையும் இணைத்துவைத்த பெருமக்களுக்கு முதற்கண் என் வணக்கம். வாடிக்கையாளர் விவரமெல்லாம் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற ஓரிடத்தில் கிடக்கிறது. அந்த விவரத்தில் எந்த ஃபீல்டு எதற்கு, அதில் எண் வருமா எழுத்து வருமா, யார் அதற்குப் பொறுப்பு என்று சொல்ல வேண்டிய கேட்டலாக் இன்னோரிடத்தில் இருக்கிறது. நடுவே ஒரு கனெக்டரைப் போட்டால் இரண்டும் பேசிக்கொள்ளும். இவ்வளவு எளிய விஷயம் இத்தனை காலம் நமக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. பொருள் தெரிந்தவர் உட்கார்ந்து பொருள் எழுத வேண்டும் என்ற பழைய மூடநம்பிக்கையில் இருந்துவிட்டோம். இணைத்தால் போதும், பொருள் தானாக ஊறி வரும் என்று இப்போதுதான் தெரிகிறது.

புகழ்ச்சி சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்தே தொடங்குவதுதான் முறை. 1999இல் மார்க் பெனியாஃபும் கூட்டாளிகளும் சான் ஃபிரான்சிஸ்கோவில் இதை ஆரம்பித்து, 'சாஃப்ட்வேர்' என்ற சொல்லைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டுக் குறுக்கே கோடு கிழித்து, அதையே கொடியாகப் பிடித்தார்கள். சாஃப்ட்வேர் ஒழிந்ததோ இல்லையோ, "இந்த ஃபீல்டு எதற்கு?" என்று கேட்கிற ஆள் ஒழிந்தார். அந்தக் காலத்தில் ஒரு டேபிளில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டுமென்றால் டேட்டாபேஸைக் காக்கும் டிபிஏவிடம் போய் நிற்க வேண்டும். அவர் முகத்தைச் சுளிப்பார், ஏற்கெனவே இருப்பது போதாதா என்பார், எழுதிக் கொடு என்பார், எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார். அந்தக் கொடுமையெல்லாம் போயிற்று. செட்டப் திரையில் நாலு கிளிக், ஃபீல்டு தயார். என்டர்பிரைஸ் எடிஷன் வாங்கினால் ஒரு ஆப்ஜெக்டுக்கு, அதாவது ஒரு டேபிளுக்கு, 500 ஃபீல்டு சேர்த்துக்கொள்ளலாம். அன்லிமிடெட் எடிஷனில் 800. அளவில்லாதது என்று பெயர் வைத்துவிட்டு அளவும் வைத்திருக்கிறார்களே என்று சிலர் குறை சொல்கிறார்கள். ஒரு வாடிக்கையாளரைப் பற்றி 800 விஷயம் தெரிந்துவைத்திருப்பவர் இந்தச் சில்லறையையெல்லாம் பொருட்படுத்த மாட்டார்.

இன்னொரு பெருந்தன்மையும் உண்டு. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் விளக்கம் எழுதத் தனிப் பெட்டி, 1000 எழுத்து கொள்ளும். கொடுத்துவிட்டு, எழுதியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பெயர் வைக்காமல் சேமிக்க முடியாது. விளக்கம் இல்லாமல் தாராளமாகச் சேமிக்கலாம். மனிதனை நம்பி வைத்த பெட்டி அது. மனிதனும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றி, அதை அன்று தந்தபடியே சுத்தமாக வைத்திருக்கிறான்.

இந்தச் சுதந்திரத்தில் விளைந்ததைப் பார்க்க வேண்டுமானால் விற்பனை வாய்ப்புகளைப் பதியும் ஆப்பர்ச்சூனிட்டி என்ற ஒரே ஆப்ஜெக்டைத் திறங்கள். 'ரீஜியன்' என்று ஒரு ஃபீல்டு. அதற்குக் கீழே 'ரீஜியன்_நியூ'. கொஞ்சம் தள்ளி 'ரீஜியன்_ஃபைனல்'. கடைசியில், யார் வைத்தார்களோ புண்ணியவான், 'டு_நாட்_யூஸ்_ரீஜியன்'. நாலில் இன்றைக்கும் தினமும் தானாகப் புதுப் பதிவு விழுவது கடைசி ஃபீல்டில்தான். ஏனென்றால் நிறுவனத்தின் வலைத்தளப் படிவம் ஒன்று அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது; படிவத்தைச் செய்தவரிடம் பயன்படுத்தாதே என்று யாரும் சொல்லவில்லை. பெயரிலேயே சொல்லியிருக்கிறோமே, அதற்கு மேல் என்ன சொல்ல?

பெயர் என்றதும் நினைவு வருகிறது, அதிலும் தாராளம்தான். ஒரு ஃபீல்டுக்கு இரண்டு பெயர். திரையில் தெரிகிற லேபிளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற ஏபிஐ பெயரை மாற்றினால் எங்கெங்கோ எழுதிய புரோகிராமெல்லாம் விழும் என்பதால் அதன் பக்கம் யாரும் போவதில்லை. அக்கவுன்டில் பிறவியிலேயே 'ஃபேக்ஸ்' என்று ஒரு ஃபீல்டு உண்டு. ஃபேக்ஸ் அனுப்புவோர் அருகிப்போனார்கள், ஃபீல்டு காலியாகக் கிடந்தது. ஒருவர் லேபிளை 'வாட்ஸ்அப் நம்பர்' என்று மாற்றி மறுவாழ்வு கொடுத்தார். விற்பனைப் பையன்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. உள்ளே அது இன்னும் ஃபேக்ஸ்தான். இந்தத் தரவெல்லாம் நகலாகப் போய்ச் சேரும் டேட்டா வேர்ஹவுஸில் உட்கார்ந்திருக்கும் அனலிஸ்டுக்கு, ஃபேக்ஸ் இயந்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பல்லாயிரம் வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள்.

இப்படிப்பட்ட பொக்கிஷத்தைப் பட்டியல் போடாமல் விடலாமா? போட ஆட்களும் வந்தார்கள். லிஃப்ட் நிறுவனம் தன் கேட்டலாக்கை 2019இல் ஊருக்கே திறந்துவிட்டது. லிங்க்ட்இன் 2020இல் டேட்டாஹப்பைத் திறந்துவிட்டது. பிறகு ஓப்பன்மெட்டாடேட்டா. காசு கொடுத்து வாங்க விரும்புகிறவர்களுக்கு அலேஷன், கொலிப்ரா என்று வேறு வரிசை. லிஃப்ட்காரர்கள் தங்கள் கருவிக்கு 'அமுண்ட்சன்' என்று பெயர் வைத்தார்கள். 1911இல் தென்துருவத்தை முதலில் அடைந்த நார்வேக்காரர். அரும்பாடுபட்டுப் போய், யாரும் குடியிருக்காத, அதற்குப் பிறகும் நிரந்தரமாகக் குடியேறாத ஓரிடத்தில் கொடி நட்டுவிட்டு வந்தவர். கேட்டலாக்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

கனெக்டர் வேலை செய்கிற விதம் எளிமையானது. சேல்ஸ்ஃபோர்ஸில் 'இன்டக்ரேஷன் யூசர்' என்று ஒரு ஆளில்லாத ஆளை உண்டாக்குவார்கள். அவர் பெயரில் கேட்டலாக் உள்ளே போய், என்னென்ன ஆப்ஜெக்ட், என்னென்ன ஃபீல்டு என்று 'டிஸ்கிரைப்' என்ற அழைப்பில் கேட்டு எழுதிக்கொண்டு வரும். அவ்வளவுதான். இதில் வியந்து நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸ் கட்டுப்பாடான அமைப்பு. கேட்கிற யூசருக்கு எந்த ஃபீல்டைப் பார்க்க உரிமை இருக்கிறதோ, டிஸ்கிரைப் அழைப்பில் அதை மட்டும்தான் சொல்லும். உரிமை இல்லாததை "இருக்கிறது, உனக்குக் காட்ட மாட்டேன்" என்றுகூடச் சொல்லாது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது போல இருந்துவிடும்.

செக்யூரிட்டிக் குழு பொறுப்பான குழு. ஒரு இயந்திர யூசருக்கு எதற்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு, உடல்நலக் குறிப்பு இருக்கிற ஃபீல்டுகளை அந்த யூசருக்கு மூடிவிட்டார்கள். நல்ல காரியம்தானே! கேட்டலாக் இரவோடு இரவாக ஓடியது. காலையில் தேடிப் பார்த்தால் நிறுவனம் முழுவதும் ஆதார் எண் எங்குமே இல்லை. கேட்டலாக்கில் 'ஆதார்' என்று அடித்துத் தேடினால் வருவது பூஜ்யம். ஆடிட்டருக்கு அந்தத் திரையையே படம் பிடித்து அனுப்பினார்கள். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகிறது என்று பயந்துகொண்டிருந்த மேலாளர்கள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். எதைக் கட்டாயம் கண்காணிக்க வேண்டுமோ அது மட்டும் விடுபட்டு, 'பிடித்த நிறம்' முதலானவை ஒன்றுவிடாமல் பதிவாகிற இந்த நுட்பத்தைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது. தானாக அமைய வேண்டும்.

அந்த ஆளில்லாத ஆளுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். திட்டத்தைத் தொடங்கியவர் தன் முகவரியையே கொடுத்திருந்தார், பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். சேல்ஸ்ஃபோர்ஸில் பாஸ்வேர்டை மாற்றினால், கனெக்டர் உள்ளே போகக் காட்டும் பழைய செக்யூரிட்டி டோக்கன் செல்லாது. புதியதை மின்னஞ்சலில் அனுப்பும். விதிப்படி பாஸ்வேர்டு மாறியது. விதிப்படி புது டோக்கன், ஆளில்லாத ஆளிடமிருந்து ஆளில்லாத இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிரவு முதல் கனெக்டர் ஓடவில்லை. கேட்டலாக் மட்டும் எந்தச் சலனமும் இல்லாமல், கடைசியாக எடுத்ததையே இன்றைக்கு எடுத்ததுபோலக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் புகார் சொல்லவில்லை என்பதைத் திட்ட அறிக்கையில் 'பயனர் திருப்தி' என்ற தலைப்பில் சேர்த்தார்கள். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் போர் காணாமல் நெய் பூசிப் பளபளத்த ஆயுதங்களைப் பார்த்து ஔவையார் சொன்ன பாராட்டு இந்த கேட்டலாக்குக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

விளக்கம் எங்கே என்று கேட்பீர்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் அட்மின் எழுதும் விளக்கம் டிஸ்கிரைப் அழைப்பில் வராது; அதற்கு டூலிங் ஏபிஐ போன்ற வேறு வாசலுக்குப் போக வேண்டும். நல்ல கனெக்டர் அங்கும் போகும். போய், காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, காலி என்பதைத் துல்லியமாகக் கொண்டுவந்து சேர்க்கும். அதோடு, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் யார் உரிமையாளர், இப்போது புழக்கத்தில் இருக்கிறதா, எவ்வளவு ரகசியமானது, எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்று குறித்துவைக்கச் சேல்ஸ்ஃபோர்ஸிலேயே நாலு இடம் இருக்கிறது. அதாவது கேட்டலாக்கில் தேடுகிற பதிலுக்கெல்லாம் ஃபீல்டு பிறந்த இடத்திலேயே தொட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நாலு சொல் எழுதினால் வேலை முடிந்தது. அப்படி எழுதியிருந்தால் பட்ஜெட் எதற்கு, ஆலோசகர் எதற்கு, தொடக்க விழா எதற்கு? ஒரு பெரிய திட்டத்தையே வாழவைத்த பெருமை அந்தக் காலி இடங்களைச் சேரும்.

எழுதிய சில இடங்களில் உரிமையாளர் பெயர் இருக்கத்தான் செய்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு யூசரை நீக்க முடியாது, செயலிழக்க மட்டுமே வைக்க முடியும். அதனால் நிறுவனத்தை விட்டுப் போனவர்களும் உரிமையாளர்களாகவே தொடர்கிறார்கள். கேட்டலாக் அவர்கள் படத்தோடு, 'கேள்விகளுக்கு இவரை அணுகவும்' என்று காட்டுகிறது. ராஜினாமா செய்தும் பதவி போகாத பாக்கியம் வேறு எங்கே கிடைக்கும்?

லீனியேஜ் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். தொடக்க விழாவில் கைதட்டல் வாங்கியது அதுதான். சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து ஒரு அம்பு வேர்ஹவுஸுக்கு, அங்கிருந்து இன்னொரு அம்பு டாஷ்போர்டுக்கு. எந்த எண் எங்கிருந்து வந்தது என்று இனிச் சண்டையே இல்லை என்றார்கள். அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்திலேயே சண்டை. பெரிய வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய வருவாய், சேல்ஸ்ஃபோர்ஸ் ரிப்போர்ட்டில் ஒரு தொகை, டாஷ்போர்டில் வேறு தொகை.

காரணம் இதுதான். ஆப்பர்ச்சூனிட்டியில் 'வாடிக்கையாளர் வகை' என்பது ஒரு ஃபார்முலா ஃபீல்டு. அக்கவுன்டில் இருக்கும் வகையை எட்டிப் பார்த்துக் காட்டும். ஃபார்முலா ஃபீல்டு எதையும் சேமித்து வைப்பதில்லை, படிக்கிற நேரத்தில் கணக்குப் போடும். அக்கவுன்டில் ஒருவரைச் 'சிறியவர்' என்பதிலிருந்து 'பெரியவர்' என்று மாற்றினால், அவருடைய ஆப்பர்ச்சூனிட்டிகளில் எல்லாம் ஃபார்முலா உடனே 'பெரியவர்' என்று காட்டும். ஆனால் அந்த ஆப்பர்ச்சூனிட்டிப் பதிவுகளில் 'கடைசியாக மாறிய நேரம்' மாறாது; பதிவு மாறவே இல்லையே! வேர்ஹவுஸுக்கு நகலெடுக்கும் கருவியோ, நேரம் மாறிய பதிவுகளை மட்டும் அள்ளிக்கொண்டு போகிற சிக்கனக்காரன். ஆகவே இங்கே பெரியவர், அங்கே இன்னும் சிறியவர். இவ்வளவு நடந்தும் லீனியேஜ் படத்தில் ஒரு பிழை கிடையாது. அம்பு சரியான இடத்தில் புறப்பட்டுச் சரியான இடத்தில் முடிகிறது. தப்பான எண் எந்த வழியாக வந்தது என்பதை இவ்வளவு அழகாக, நாலு நிறத்தில் காட்டிய படத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கூட்டத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள்.

தரவில் என்ன இருக்கிறது என்பதை உண்மையிலேயே அறிய விரும்பியவர்கள் உலகத்தில் இல்லாமல் போகவில்லை. 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் ட்ரிஃப்ட் என்ற இணைப்புச் செயலியின் டோக்கன்களைத் திருடி, நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸுக்குள் புகுந்தார்கள் சிலர். கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அவர்கள் வேலை செய்த விதத்தை எழுதியிருக்கிறார்கள். அக்கவுன்ட், ஆப்பர்ச்சூனிட்டி, யூசர், கேஸ் என்று ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் எத்தனை பதிவு என்று முதலில் எண்ணிப் பார்த்தார்களாம். பிறகு அள்ளிக்கொண்டு போனதில் அமேசான் கிளவுட் சாவி, பாஸ்வேர்டு, ஸ்னோஃப்ளேக் டோக்கன் என்று சலித்தெடுத்தார்கள். உதவி கேட்டு எழுதும் வாடிக்கையாளர் அவசரத்தில் பாஸ்வேர்டையும் சேர்த்தே கேஸில் ஒட்டிவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் கேட்டலாக்கில், வாடிக்கையாளர் அப்படி ஒட்டும் ஃபீல்டுக்கு என்ன எழுதியிருக்கிறது? 'வகை: நீண்ட எழுத்துப் பகுதி. விளக்கம்: இல்லை.' எந்தக் குழுவும் அமைக்காமல், எந்த விழாவும் எடுக்காமல், பட்ஜெட்டும் கேட்காமல் சில நாட்களில் முழுத் தரவு ஆய்வை முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைத் திருடர்கள் என்கிறது உலகம்.

சேல்ஸ்ஃபோர்ஸும் சும்மா இருக்கவில்லை. கேட்டலாக் விற்பதில் பழம் தின்று கொட்டை போட்ட இன்ஃபர்மேட்டிகாவைச் சுமார் 800 கோடி டாலருக்கு 2025இல் வாங்கிவிட்டது. அதற்கு முன்பே 2018இல் சாஃப்ட்வேர்களை இணைக்கிற மியூல்சாஃப்ட், 2019இல் வரைபடம் போடுகிற டேப்லோ. விளக்கமில்லாமல் ஃபீல்டு உண்டாக்கவும், அதை வேறிடத்துக்குக் கொண்டுபோகவும், அதைப் படமாக வரையவும், அது என்னவென்று தேடவும் இனி ஒரே கடை, ஒரே பில். வாடிக்கையாளர் மேல் இவ்வளவு அக்கறை வைத்தவரைக் குறை சொல்கிறவன் வாய் புளிக்கும்.

இனிமேல் காலிப் பெட்டியும் இருக்காது என்பது கடைசியாக வந்த நற்செய்தி. ஏஐ எழுதித் தருகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனை ஃபீல்டுக்கும் விளக்கம் நிரம்பிவிடும். 'ரீஜியன்_ஃபைனல்' என்பதற்கு அது எழுதியது: 'இந்த ஃபீல்டு இறுதி ரீஜியனைக் குறிக்கிறது.' 'ரீஜியன்_நியூ' என்பதற்கு: 'இந்த ஃபீல்டு புதிய ரீஜியனைக் குறிக்கிறது.' 'ஃபேக்ஸ்' என்பதற்கு, வாடிக்கையாளரின் தொலைநகல் எண் என்று நல்ல தமிழிலேயே எழுதிக்கொடுத்தது. விளக்கம் நிரம்பிய சதவீதம் என்று டாஷ்போர்டில் ஒரு வட்டம் இருக்கும், அதுவரை சிவப்பாக இருந்தது, அன்று சாயங்காலம் பச்சையாயிற்று. கேக் வெட்டினார்கள்.

கேக் சாப்பிட்ட கையோடு புது அனலிஸ்ட் பையன் ஒருவன் விற்பனைப் பிரிவு மேடத்திடம் போய் நின்றான். பதினைந்து வருஷமாக அங்கே இருப்பவர்.

"மேடம், ஜோன் வாரியா டார்கெட் எடுக்கணும். ரீஜியன் நாலு இருக்கு. எத எடுக்கட்டும்?"

"ஃபைனல தொடாதீங்க தம்பி, அது ஒரு பிரசன்டேஷனுக்காகப் போட்டது. நியூவ எடுங்க. ஆனா பழைய டீலுக்கு நியூ காலியா இருக்கும், அதுக்கு மட்டும் ரீஜியன். வெப்சைட்ல இருந்து வந்த லீடுன்னா அந்த டு நாட் யூஸ்லதான் இருக்கும்."

"இது எங்கயாவது எழுதி இருக்கா மேடம்?"

"என் எக்செல்ல இருக்கு. அனுப்பட்டுமா?"

அனுப்பினார். மூன்று ஷீட், 212 வரிசை. எந்த ஃபீல்டு, யார் கேட்டு வைத்தது, எப்போதிலிருந்து நம்பலாம், எதை நம்பக் கூடாது, ஃபேக்ஸ் என்பது வாட்ஸ்அப் என்பது உட்பட. செய்தி மேலிடம் வரை போயிற்று. இவ்வளவு முக்கியமான கோப்பு கேட்டலாக்கில் இல்லாமல் இருக்கலாமா என்று அடுத்த காலாண்டுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். எக்செல்லுக்கு நல்ல கனெக்டராக ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். கோப்பின் பெயர், அளவு, கடைசியாகத் திருத்திய தேதி மூன்றும் வந்துவிடும் என்று வெண்டர் உறுதி கொடுத்திருக்கிறார்.